சோத்துக்கைத் துவக்கு

மீராமுகைதீன் போடியார் அன்றைக்கு ஒரு சொல்லைச் சரியாக விளங்கியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

எண்பதாம் ஆண்டு, சிறுபோக அறுவடைக் காலம். கச்சான் காற்று கல்முனைத் தெருப் புழுதியை எல்லாம் அள்ளி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. போடியார் முற்றத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். வயல்காரரைத்தான் எங்கள் பக்கத்தில் போடியார் என்பார்கள். அவருடைய வயல் இறக்காமத்து வட்டையில், அந்த ஊர் வயல்வெளியில் இருக்கிறது. அங்கே வெள்ளாமை வெட்டியாகி, கதிர்க்கட்டுகளை வட்டவட்டமாக அடுக்கிச் சூடு வைத்தாயிற்று. இனி உழவு மிசினை அதன்மேல் ஓட்டி மிதித்து நெல்லைப் பிரிக்க வேண்டும். சூடடிப்பு என்பது அதுதான். அதற்குள் யானை வந்து சூட்டைப் பிரித்து மேய்ந்துவிடக் கூடாது. அந்தக் கிழமை முழுக்க அவர் தலைக்குள் சூடு என்ற சொல்லைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

அந்த நேரம் பார்த்து மருமகன் ஜவுபர் பக்கத்தில் வந்து குந்தினான்.

"மாமா, அம்பாறைக் கழகத்தால சூட்டுப் போட்டி வைக்கிறாங்க. நானும் போகட்டா?"

போடியார் சாக்கு ஊசியைப் பல்லில் கவ்விக்கொண்டு நிமிர்ந்தார். "சூட்டுப் போட்டியா? இப்பதான் ஒரு உருப்படியான வேல பாக்கிறானுகள். போ மகன். இந்த வட்டையில ஒனக்கு மேல ஆரு?"

மாமா இவ்வளவு லேசாகச் சம்மதிப்பார் என்று ஜவுபர் கனவிலும் நினைக்கவில்லை.

"வெண்டா கொழும்புக்கும் அனுப்புவாங்க மாமா."

"கொழும்புல எங்கடா வயல் கிடக்கு?" போடியார் கொஞ்சம் யோசித்தார். "செரி, காலிமுகத்திடல்ல வெச்சி அடிப்பாங்களாக்கும்."

ஜவுபர் ஓம் என்று தலையாட்டிவிட்டு, மாமா மனம் மாறுவதற்குள் எழும்பி ஓடிவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடும்போதுதான் பூசணிக்காய் வெளியே வந்தது. கொண்டுவந்தவன் றவூப். போடியாருக்கு மிசின் ஓட்டுகிறவன், ஜவுபரின் கூட்டாளி, வாய்க்குக் கதவு வைக்காத ஆள்.

"போடியார், மருமகனுக்கு மூணு கைத்துவக்கு வருதாமே! ஒண்டத் தெரிஞ்செடுக்கட்டாம்!"

"சூடடிக்கிறதுக்கு என்னத்துக்குடா துவக்கு?"

"அந்தச் சூடு இல்ல போடியார். சுடுற சூடு! பிஸ்டல் போட்டி!"

படியில் நின்றவர்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். போடியார் கைக்குக் கிடைத்த செருப்புகளை மாட்டிக்கொண்டு விறுவிறென்று வீட்டுக்கு நடந்தார். வந்து பார்த்தால் வலது கால் செருப்பு அவருடையது, இடது கால் செருப்பு வேறு யாருடையதோ.

மதியச் சோற்றுக்கு எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். போடியாரின் பெண்சாதி ஆமினா உம்மா மீன் ஆணத்தை அகப்பையால் அள்ளியபடியே விசாரணையைத் தொடங்கினார்.

"கைத்துவக்கெண்டா, பொலிஸ்காரன் இடுப்புல கொழுவிக்கிட்டுத் திரியிறானே, அதுவா?"

"இது வேற மாமி. விளையாட்டுத் துவக்கு. ஆளுக்குச் சுடுற இல்ல. கடதாசிக்குச் சுடுற."

"கடதாசி ஒங்களுக்கு என்ன அநியாயம் செஞ்ச?"

ஜவுபரின் பெண்சாதி கமீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் லேசில் நிற்காது.

"நான் சம்மதிச்ச வெள்ளாமச் சூட்டுக்கு," என்றார் போடியார். "துவக்குச் சூட்டுக்கில்ல. ஞாயித்துக்கிழம சூடடிப்பு. ஒருத்தனும் ஒரு இடமும் போறதில்ல."

"சம்மதம் சம்மதந்தானே வாப்பா," என்றாள் கமீலா. "ஜும்ஆவுக்குப் போயிட்டு வந்த வாயால மாத்திக் கதைக்கலாமா?"

போடியார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த சோறு கூழாகிவிட்டது.

"எங்க வெச்சி நடக்கிற?"

"வரிப்பத்தான்சேனையில மாமா. கல்லுடைச்ச பள்ளத்துல. நாம வயலுக்குப் போற வழிதான். காலையில ஒரு மணித்தியாலம். சூடடிப்பு பின்னேரம் அசறுக்குப் பொறகுதானே."

போடியார் கடைசியில் முடிவு சொன்னார். "ஒரே ஒரு தரம். ஒரு துவக்க எடு, சுடு. அவனுகள் கேக்கிற புள்ளி வந்தா கொழும்புக்குப் போ. வரல்லயெண்டா இந்தக் கத இதோட சரி. அம்பாறை, கழகம், கடதாசி ஒண்டும் இந்த வாசலுக்குள்ள வரப்படாது. வயக் காவல் பரணுக்குப் போய் ஆனையப் பாக்கணும். செரியா?"

"செரி மாமா."

இந்த அழைப்பு வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அம்பாறைக் கண்காட்சியில் பலூன் சுடும் கடை ஒன்று போட்டிருந்தார்கள். காற்றுத் துவக்கை எடுத்த ஜவுபர் பலகையில் ஒரு பலூன் மிச்சம் வைக்கவில்லை. கடைக்காரன் கும்பிட்டு, "அண்ணன், வேற கடை பாருங்க," என்று சொல்லிவிட்டான். ஆளைக் கவனிக்காமல் வெடிக்கும் பலூனையே பார்த்துக்கொண்டு நின்றவர்தான் பல்தசார் ஐயா. மட்டக்களப்புப் பறங்கி. பொலிஸ் ஆயுதசாலையில் வேலை பார்த்து இளைப்பாறி, இப்போது துவக்குக் கழகத்துக்குப் பயிற்றுநர். கொழும்புப் போட்டிக்குப் போகும் ஐந்து பேர் கொண்ட பிஸ்டல் குழுவுக்கு நாலு பேர் எடுத்தாயிற்று, ஓரிடம் கிடக்கிறது, வா என்று சொல்லிவிட்டார். மூன்று கைத்துவக்கு மிச்சம் இருக்கிறது. மூன்றாலும் சுட்டுப் பார்த்து ஒன்றைத் தெரிந்து, அதைக்கொண்டு பத்துத் தோட்டா சுட்டு, நூற்றுக்கு எண்பத்தைந்து எடுக்க வேண்டும். எடுத்த துவக்கைப் பிறகு மாற்ற முடியாது. அதற்கு ஏற்ற தோட்டாவைத்தான் கழகம் கொழும்பிலிருந்து எடுப்பிக்கும்.

ஜவுபர் வேட்டைத் துவக்குப் பிடித்திருக்கிறான். கைத்துவக்கை ஒருநாளும் தொட்டதில்லை!

சனிக்கிழமை பின்னேரம் அவன் வளவுக்குள் ஒரு தென்னங்குற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றான். சூறாவளி முறித்துப்போட்ட தென்னைகளில் மிஞ்சிய குற்றி அது. வலது கையை நேராக நீட்டி, அதில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தான். பெட்டி மேலும் கீழும் ஆடியது.

"ஆருட சட்டைய மினுக்கப் போறீங்க?" கமீலா துணி எடுக்க வந்தவள் கேட்டாள்.

"கைத்துவக்க ஒத்தக் கையாலதான் புடிக்கணுமாம். மத்தக் கைய இடுப்புல வெச்சிரணும். கை ஆடினா சன்னம் ஊருக்குப் போயிரும்."

"நெருப்புப் போட்ட பெட்டியா?"

"இல்ல."

"போட்டுத் தரட்டா? ஆடாம நிப்பீங்க."

அவன் சிரிக்கவில்லை. பெட்டியைக் குற்றிமேல் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்தினான். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டினால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு மகளுக்குச் சீதனம். ஊரில் யாருக்கும் அது புதிதல்ல. ஜவுபரும் அப்படித்தான் சாய்ந்தமருதில் இருந்து ஒரு பெட்டியும் ஒரு பாயும் கொண்டு வந்தவன்.

"வீடு ஒன்ட," என்றான். "வயல் மாமாட. வேட்டத் துவக்கு லைசனும் மாமாட பேருல. இந்த வீட்டுல நான் ஆரு புள்ள?"

"என்ட மாப்பிள."

"பாத்தியா? அதுவும் ஒன்டதானே."

கமீலா கொடியில் கிடந்த துணியை இழுத்துத் தோளில் போட்டாள்.

"இந்தக் குறி ஒண்டுதான் என்ட," என்றான் ஜவுபர். "ஆரும் எழுதித் தந்த இல்ல. சீதனமா வந்த இல்ல. நாளைக்கு அதயும் உட்டுட்டா மறுகா நான் பரணுல கட்டி வெச்ச தகரம். காத்தடிச்சாச் சத்தம் போடுவன், அவ்வளவுதான்."

அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவன் கையில் திரும்பவும் கொடுத்தாள். "புடிங்க. நான் எண்ணுறன்."

மறுநாள் விடிந்ததும் மிசின் புறப்பட்டது. பின்னால் பெட்டியில் சாக்குக் கட்டு, அண்டா, அரிசி மூட்டை, இரண்டு கோழி, சூடடிக்கும் ஆட்களுக்குச் சமைக்க ஆமினா உம்மா, கமீலா. போடியார் வேட்டைத் துவக்கை மடியில் போட்டுக்கொண்டு அரிசி மூட்டையில் ஏறி உட்கார்ந்திருந்தார். றவூப் ஹேண்டிலை ஒடிக்கும் இடத்தில் எல்லாம் அண்டா உருண்டது, கோழி கத்தியது, ஆமினா உம்மா றவூபின் பரம்பரையை விசாரித்தார்.

கல்லுடைத்த பள்ளத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். ஏற்கெனவே தெரிவான நாலு பேரும் வந்திருந்தார்கள். கடமைக்கு ஒரு பொலிஸ்காரர் மர நிழலில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். அந்தப் பக்கம் மலைப்பாறைச் சுவர். அதன் முன்னால் மண் மேடு. மேட்டில் பலகையும் பலகையில் வட்டம் கீறிய கடதாசியும். மேசையில் சிவப்புத் துணி விரித்து மூன்று கைத்துவக்குகள்!

ஜவுபர் கிட்டப் போய் நின்றான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பயப்படாத மனே, கடிக்கா," என்றார் பல்தசார் ஐயா. காக்கிக் காற்சட்டை, வெள்ளைப் பெனியன், முன்னால் போகும் வயிறு. "இவர் அமெரிக்கன். ரிவோல்வர். ஆறு தோட்டா வட்டமாக் குந்தியிருக்கும். விசை கொஞ்சம் கடினம், பொண்டாட்டி மாதிரி, இழுத்துப் பழகினாச் சரி. இது இங்கிலீசு. ஒரு தோட்டாதான். வேட்டைத் துவக்கு மாதிரியே நடுவால ஒடிச்சித் திறந்து போடணும். பழசு, பாவம். இவர்..." அவர் குரலே தாழ்ந்துவிட்டது. "இவர் ஜேர்மன்காரர்."

ஜேர்மன்காரரைப் பார்த்தால் யாருக்கும் குரல் தாழத்தான் செய்யும். நீண்ட குழல், எண்ணெய் மினுங்கும் கறுப்பு. பிடி முழுக்க வாதுமை மரத்தில் செதுக்கியது. விரலுக்கு விரல் பள்ளம், பெருவிரல் சாயத் தட்டு, உள்ளங்கை உட்கார ஒரு மேடை. பின்பக்கக் குறியைத் திருகாணியால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தலாம். பத்துத் தோட்டா போட்டாலும் தலை ஆட்டாது. விசையோ, ஈ குந்தினாலே விழும்போல அவ்வளவு மெதுமை!

"எந்தக் கை நீ?" என்று பல்தசார் ஐயா கேட்டார். "வலக்கையா, இடக்கையா?"

"சோத்துக்கைதான் ஐயா." ஜவுபருக்கு அந்தக் கேள்வியே கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பட்டது. "துவக்கையும் சோத்துக்கையாலதான் புடிக்கிற."

பிஸ்மி சொல்லி வலது கையை நீட்டினான். ஜேர்மன்காரர் அந்தக் கைக்குள் போய் உட்கார்ந்தார். சுற்றி நின்ற எல்லார் வாயிலிருந்தும் ஒரே சத்தம். "ஆஆ!"

"மாஷா அல்லா, புது மாப்பிள!" என்று கத்தினான் றவூப்.

"நம்மட வீட்டுக்கு ஒரு மாப்பிள போதும்," என்றார் போடியார்.

ஜவுபர் கையை நீட்டினான். குறி பார்த்தான். சுட்டான். ஓடிப்போய்ப் பார்த்தால் கடதாசியில் ஒன்றும் இல்லை. பலகையிலும் இல்லை. மண் மேட்டில் இரண்டு முழம் தள்ளி ஒரு பொட்டு.

"கச்சான்," என்றான் றவூப். "காத்துத் தள்ளிட்டு."

இரண்டாவது, கடதாசியின் ஒரு மூலையில். மூன்றாவதைக் காணவே இல்லை.

"வெயில் கண்ணுல அடிக்கிது."

"சட்டக் கை இறுக்கம் போல."

"என்னடா மச்சான் அது, கோழி பாக்கிற மாதிரிக் கழுத்தத் திருப்பிக்கிட்டு நிக்கிறாய்?"

ரிவோல்வரை எடுத்தான். அது கையை உதறிவிட்டு வானத்தைப் பார்த்தது. இங்கிலீசுக்காரனை எடுத்தான். ஒடித்தான், தோட்டா போட்டான், மூடினான், சுட்டான். பலகையின் கால் தெறித்தது. தெரிவான நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பல்தசார் ஐயா கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

"பலூன் வேற, பிஸ்டல் வேற மனே. குறை நினைக்காத. அடுத்த வருசம் பார்ப்பமே."

பெட்டியில் இருந்து போடியார் குதித்தார். அவர் குதித்ததை ஆமினா உம்மாவே நம்பவில்லை.

"என்ன ஐயா கதைக்கிறீங்க? இவனுக்குச் சுடத் தெரியாதெண்டா? போன மாரியில நாலு பண்டி ஒண்டா வந்த. இருட்டு. ஒரு தோட்டா. முன்னால வந்த கொம்பன் பண்டி அந்த இடத்துல படுத்திட்டு. ஆனைக்கு மேலால வெடி போட்டு, காது மடல்ல காத்துப் பட்டுத் திரும்பி ஓடினத நான் பாத்தன்! ஒங்கட துவக்குத்தான் பழுது!"

"எப்பிடிச் சுட்டாரு போடியார்?"

"எப்பிடியா? ஆக்கள் சுடுற மாதிரித்தான்! டேய் ஜவுபர், காட்டுடா ஐயாவுக்கு!"

ஜவுபருக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றன. பெட்டியில் கிடந்த கதிர் கிளறும் கம்பைப் பறித்தான். விருட்டென்று தோளில் வைத்தான். "இப்பிடித்தான் ஐயா! ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான்!"

"அப்பிடியே நில்லுங்க!" கமீலா பெட்டிக்குள் எழும்பி நின்றுவிட்டாள். முக்காடு நழுவியதுகூடத் தெரியவில்லை. "ஆடாதீங்க! விரலப் பாருங்க! வாப்பா, அவருட விரலப் பாருங்க!"

எல்லாரும் பார்த்தார்கள்.

கம்பு இடது தோளில் இருந்தது. இடது கன்னம் அதில் சாய்ந்திருந்தது. இடது கண் திறந்திருந்தது. வலது கை முன்னால் நீண்டு கம்பைத் தாங்கிக்கொண்டு நின்றது. பின்னால், விசை இருக்க வேண்டிய இடத்தில் வளைந்திருந்தது இடது கைச் சுட்டுவிரல்!

"பீச்சங்கை!" என்றான் றவூப். "அல்லாவே, இவன் பீச்சங்கையாலயா இவ்வளவு நாளும் சுட்ட?"

"இல்லயே," என்றான் ஜவுபர். கம்பை இறக்காமல் தன் கையையே குனிந்து பார்த்தான். "துவக்கப் புடிச்சிரிக்கிற சோத்துக்கைதானே. முன்னுக்குத்தானே பாரம். மத்தக் கை சும்மா... விசைய மட்டும்..."

"அந்த விசைதான்டா சுடுற!" என்று கத்தினார் பல்தசார் ஐயா. "நான் கேட்டனே! எந்தக் கை எண்டு வாய் திறந்து கேட்டனே!"

"துவக்கப் புடிக்கிற கையத்தானே ஐயா கேட்டீங்க!"

சிரிப்பு மலைப்பாறையில் மோதித் திரும்பி வந்தது. பொலிஸ்காரர் வெற்றிலைச் சாறு புரையேறி இருமினார். ஜவுபரும் சிரித்துவிட்டான். சின்ன வயதில் எதை எடுத்தாலும் அந்தக் கைதான் முந்தும் என்று அவன் உம்மா மிளகாய் அரைத்து அதில் பூசி விடுவாராம். அதை அவன் இப்போதுதான் நினைத்தான். சோறு, எழுத்து, சலாம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் மறுகைக்கு மாறிவிட்டன. துவக்குக்கு மிளகாய் பூச உம்மாவுக்குத் தெரியவில்லை.

"எடு ஜேர்மன்காரர இடக்கையில!"

எடுத்தான். உள்ளங்கை மேடை புறங்கையைக் குத்தியது. பெருவிரல் தட்டு விரல்களை நெருக்கியது. எப்படித் திருப்பினாலும் போகவில்லை. வலக்கைக்கென்றே பிறந்த மனிசன் அவர். பல்தசார் ஐயா இழவு வீட்டில் நிற்பவரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு அவரைத் திரும்ப வாங்கித் துணியில் படுக்க வைத்தார்.

மிச்சம் இரண்டு. ரிவோல்வரை இடக்கையில் பிடித்துச் சுட்டான். ஒன்பது! கூட்டம் கூக்குரல் இட்டது. ஒற்றைத் தோட்டா இங்கிலீசுக்காரனால் சுட்டான். எட்டு.

"அமெரிக்கன எடு மச்சான்! ஆறு தோட்டாடா!"

"ரிவோல்வர எடு மனே, நானும் அதத்தான் சொல்லுவன்."

ஜவுபர் இரண்டையும் மாறி மாறித் தூக்கினான். ரிவோல்வரால் இன்னொன்று சுட்டுப் பார்த்தான். ஏழு. மேசையில் வைத்துவிட்டான். இங்கிலீசுக்காரனை ஒடித்து, வெற்றுக் குழலுக்குள்ளால் மலையைப் பார்த்தான்.

"இது போதும் ஐயா."

"ஏன்டா? பழசுடா அது."

"ஆறு கிடக்கெண்டா கை அடுத்ததப் பாக்குது. பரணுல நான் ஒரு தோட்டாவோடதான் இரிக்கிற. சுட்டா ஒடிக்கணும், எடுக்கணும், போடணும். அந்த நேரத்துக்குள்ள மூச்சு நிதானத்துக்கு வந்திரும். எனக்கு அப்பிடித்தான் வரும்."

பல்தசார் ஐயா பத்துத் தோட்டாவை எண்ணி மேசையில் வைத்தார். "ஒன்ட கை, ஒன்ட கண். பிறகு மாத்தேலா."

"மாத்தல்ல."

அப்போது போடியார் தொண்டையைச் செருமினார். அவருக்கு இன்னொரு முள் குத்திக்கொண்டு நின்றது. "எண்டாலும்... பிஸ்மி சொல்லி ஒரு காரியத்தப் பீச்சங்கையால செய்யலாமா?"

ஜவுபர் துவக்கை இறக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆமினா உம்மா பெட்டிக்குள் கோழிக் காலைக் கட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

"அது என்ன சோறா?"

"என்ன?"

"சோறெண்டாத்தான் சோத்துக்கை. கடதாசியப் பொத்துப் போட எந்தக் கையா இருந்தா என்ன? ஒங்கட மம்பட்டிய எந்தக் கையால புடிக்கிறீங்க, ரெண்டாலயுந்தானே? அப்ப வெள்ளாம ஹறாமா? சுடட்டும். வெயில் ஏறுது, ஒல வைக்கணும்."

ஜவுபர் கோட்டில் நின்றான். இடது காலை முன்னால் வைத்தான். ஒடித்தான், போட்டான், மூடினான், வலது கையை இடுப்பில் செருகினான். முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் வந்து உட்கார்ந்தது, இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சத்தோடு. இலக்கு மங்கலாகிப்போனது. அதுதான் சரி, அது மங்கத்தான் வேண்டும்.

டப். ஒன்பது.

டப். எட்டு. டப். ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் இடையில் அவன் குனிந்து, ஒடித்து, வெறுங்கூட்டை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டான். வயலில் அப்படித்தான் செய்வான், இங்கேயும் கை தானாகச் செய்தது. ஐந்தாவது ஏழு. றவூப் தலையில் கை வைத்தான். ஆறாவது பத்து. றவூப் அந்தக் கையை எடுத்துப் பக்கத்தில் நின்றவன் முதுகில் அடித்தான். ஒன்பது தோட்டா முடிய எழுபத்தேழு.

"எட்டு வேணும்," என்றார் பல்தசார் ஐயா. "ஒரு எட்டு."

ஜவுபர் கையைத் தூக்கினான். அந்த நேரம் கச்சான் பள்ளத்துக்குள் இறங்கியது. கல்லுத்தூள் சுழன்று எழும்பியது. கடதாசி படபடவென்று அடித்துக்கொண்டது. கையை இறக்கினான். காற்று ஓய்ந்தது. தூக்கினான். திரும்ப வந்தது. இறக்கினான். போடியார் பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கமீலா கண்ணை மூடிவிட்டு, அதையும் தாங்காமல் ஒரு கண்ணைத் திறந்தாள்.

கோழிகூடக் கத்தவில்லை. ஜவுபர் கையைத் தூக்கினான்.

டப்.

கடதாசியில் புதுப் பொத்தல் எதுவும் தெரியவில்லை!

"குறி தப்பிப் பெய்த்து," என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

பல்தசார் ஐயா வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தார். போடியார் அவருக்கு முன்னால் ஓடினார். இருவரும் பலகைக்கு முன்னால் குனிந்தார்கள். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். விரலை நடுக் கறுப்பு வட்டத்துக்குள் வைத்துத் தடவினார். தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது.

"கறுப்புக்குள்ள கறுப்பாக் கிடந்தா ஆருக்குத் தெரியும்!" அவர் குரல் உடைந்து கீச்சென்று வந்தது. "ஒன்பது! எண்பத்தாறு!"

அதற்குப் பிறகு யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. றவூப் மிசினின் ஹோணை விடாமல் அமத்தினான். தெரிவான நாலு பேரும் ஜவுபரின் தோளில் குத்தினார்கள். "இடக்கையான்! இடக்கையான்!" கமீலா பெட்டியில் இருந்து இறங்கவில்லை. அவன் கிட்ட வந்ததும் அந்த இடக்கையைப் பிடித்து ஒரு கணம் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வெடிமருந்து மணத்தது.

"இது ஆருட?" என்று கேட்டாள்.

"என்ட," என்றான்.

வயலுக்குப் போய்ச் சேரும்போது சூட்டைச் சுற்றிக் கொக்குகள் நின்றன. ஆட்கள் களத்தைக் கூட்டிச் சாணம் தெளித்திருந்தார்கள். ஆமினா உம்மா உலை வைத்தார். கோழியாணமும் சோறும் தின்று, லுகரும் தொழுது, வெயில் சாயும்வரை மர நிழலில் அதே கதைதான். ஒவ்வொருவரும் தான் முதலில் அந்த விரலைக் கண்டதாகச் சொன்னார். கமீலா யாரையும் மறுக்கவில்லை.

மிசின் சூட்டில் ஏறப் போகும்போது ஜவுபர் மாமாவிடம் வந்தான். "மாமா, கொழும்புக்குப் போற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அம்பாறைக்குப் பழகப் போகணும். முதல் நாளே வரட்டாம். மிச்சச் சூட்டுக்கு ராக் காவல்..."

"நான் என்ன மவுத்தா போயிட்டன்?" போடியார் வேட்டைத் துவக்கைத் தூக்கினார். "ஒனக்கு முன்ன இந்தப் பரணுல ஆரு இருந்த? நான் காவல் பாக்கிறன். நீ போ. மத்தவனுகள் இடக்கையான் வரல்லயெண்டு தேடுவானுகள்."

"ஒங்களுக்கு ஏலுமா மாமா?"

"ஏலுமாவா? பாரு!"

துவக்கை வலது தோளில் வைத்தார். யோசித்தார். இடது தோளுக்கு மாற்றினார். கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடினார், பிறகு மற்றதை மூடினார். திரும்பவும் வலது தோளுக்குக் கொண்டுவந்தார். அதுவும் பொருந்தவில்லை. காடு கறுத்துக்கொண்டு வந்தது. களத்தில் இருந்த எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆமினா," என்றார் கடைசியில். "நான் எந்தப் பக்கம் வெச்சிச் சுடுறவன்?"

ஆமினா உம்மா அண்டாவைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஆனை வரட்டும், தானாத் தெரியும்."